ஆணியில் தொங்கிய ராஜமுருகன்

பெருமாள்மலையில் ராஜமுருகனுக்கு இரண்டு பெயர்கள். முகத்துக்கு நேரே ‘அண்ணே’. தலை மறைந்ததும் ‘ரிவர்ஸ்’.

மன்னவனூரிலிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிவரும் அவருடைய பிக்கப் வண்டியில் ரிவர்ஸ் கியர் நன்றாகவே விழும். விழாதது அவருக்குத்தான். மலைப்பாதையில் எதிரே எவன் வந்தாலும், அரசாங்க பஸ்ஸே வந்தாலும், எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்மேல் இரண்டு கைகளையும் போட்டுக்கொண்டு சாமி சிலை மாதிரி உட்கார்ந்துவிடுவார். இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலை ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த முறை. அவருக்கும் தெரியும். தெரிந்தால் என்ன? எதிராளி ஹாரன் அடித்த விதம் சரியில்லை என்பார். லைட்டைப் போட்ட தினுசு சரியில்லை என்பார். எதிராளியே சலித்துப்போய்ப் பின்னால் நகர்ந்த பிறகு, போனால் போகிறது என்று சாவியைத் திருப்புவார்.

ரோட்டில் மட்டுமல்ல, எங்கேயும் இதே கதைதான். டீயில் சர்க்கரை தூக்கல் என்று ஆரம்பித்த சண்டையில் வீரம்மாள் கடைக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போகவில்லை. தம்பியோடு பேசுவதில்லை, கோயில் கமிட்டியோடு பேசுவதில்லை. ஒட்டன்சத்திரம் மண்டியில் பாதிப் பேரோடு முறைப்பு. அவரோடு சண்டை போடாதவர்கள் என்று தேடினால் கொடைக்கானல் ஏரி மீன்கள்தான் மிஞ்சும். அவற்றுக்கும் அவர் ஒருமுறை கல் எறிந்ததாகக் கேள்வி.

இப்பேர்ப்பட்ட மனிதரோடு கண்மணி எப்படிக் குடித்தனம் நடத்தினாள் என்பது ஊருக்கே விளங்காத சங்கதி. கண்மணிக்குச் சத்தம் ஆகாது. அவர் கத்த ஆரம்பித்தால் பதில் பேச மாட்டாள். கொல்லைப்பக்கம் போய் ஏற்கெனவே அடுக்கியிருக்கும் விறகைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவாள். அவளுக்கென்று ஒரு ஹாரன் இருந்தது. வீட்டுக்குக் கீழே உள்ள வளைவில் திரும்பும்போது நீளமாக இரண்டு தடவை அடிப்பார். அந்தச் சத்தத்துக்கு உலை ஏறும். அவர் கைகால் கழுவி உட்கார்ந்தால் சோறு ஆவி பறக்கும். அன்பு என்று அவர்கள் வீட்டில் ஏதாவது இருந்தது என்றால் அந்த ஹாரன்தான்.

ஒரு தைமாதம் கண்மணிக்கு மூச்சு முட்டியது. பொங்கலுக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்த மகள் ஸ்வேதா அம்மாவை மடியில் சாய்த்துக்கொள்ள, பழனி ஆஸ்பத்திரிக்கு அவரே வண்டியை எடுத்தார். பழனி ரோட்டில், சவரிக்காடு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில், எதிரே ஒரு டூரிஸ்ட் வேன் ஏறிக்கொண்டிருந்தது. வேன்காரன் ஹாரனை விடாமல் அமுக்கினான். ராஜமுருகன் எஞ்சினை அணைத்தார்.

“அப்பா, பின்னால எடுப்பா.”

“அவன் எடுக்கட்டும்.”

“ஒன்னையக் கும்புடுறேன்ப்பா. அம்மாவுக்கு ஒரு மாதிரி இழுக்குது. பின்னால எடுப்பா.”

“அவன் என்ன பெரிய இவனா? ஹாரன் அடிக்கிறான் பாரு!”

கடைசியில் வேன்தான் பின்வாங்கியது. மறுநாள் விடியும் முன்பு ஆஸ்பத்திரியில் கண்மணியின் மூச்சு நின்றது. அந்த வளைவில் நின்ற நேரத்தால்தான் போனாள் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஸ்வேதாவுக்கு டாக்டர் வந்து சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது, பல வருஷமாகச் சுவரிலிருந்து இப்போது மாலை விழுந்த அம்மாவின் படத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

“அம்மா ஒன் கூட இருக்காது. நான் கொண்டு போறேன்.”

“போ. நீயும் போ. வரவே வராத.”

“வருவேன். இதே மாதிரி ஒன் போட்டோவுக்கும் ஒரு மாலை விழும்ல, அன்னைக்கு வருவேன். அதுக்கு முன்னால இந்த வாசப்படிய மிதிச்சா என்னைய என்னான்னு கேளு.”

அவ்வளவுதான். அவருடைய நம்பரை பிளாக் செய்துவிட்டாள். அதற்குப் பிறகு அவருடைய வண்டி ஒட்டன்சத்திரம் பக்கம் இறங்கவே இல்லை. பெருமாள்மலைவரை மூட்டையைக் கொண்டுவருவார். அங்கிருந்து வேறு வண்டிக்காரர்கள் கொண்டுபோவார்கள். கேட்டால் பிரேக் சரியில்லை என்பார். வீட்டுச் சுவரில் ஒரு வெற்று ஆணியும், படம் மாட்டியிருந்த இடத்தில் கொஞ்சம் வெளுத்த ஒரு சதுரமும் மிஞ்சின. புகை பிடித்த சுவரில் அந்தச் சதுரம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. சோறு தின்னும்போது அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்.

இப்படி இருக்கும்போதுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களா. அதில் முழுப்படத்தையும் எடுப்பதாக ஏற்பாடு. பீரோவும் நாற்காலியும் ஏற்றிப்போகத்தான் ராஜமுருகனைக் கூப்பிட்டார்கள். படத்தின் பெயர் ‘ஈரச்சுவர்’. கதை இதுதான்: அப்பா செத்துப்போகிறார். அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள், மருமகன் எல்லோரும் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். கூடி, படம் முடியும்வரை ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுகிறார்கள். மூத்தவன் குடிகாரன். சின்னவன் நாயை உதைப்பான். மகள் அம்மாவின் வளையலைத் திருடுவாள். அம்மா எல்லோரையும் எல்லோரிடமும் போட்டுக்கொடுப்பாள். மருமகன் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பான். பாட்டு கிடையாது, ஃபைட் கிடையாது, மழை மட்டும் உண்டு.

அந்தச் செத்த அப்பாவுக்கு ஆள் தேவைப்பட்டது. நடிக்க அல்ல, சுவரில் மாலை போட்டுத் தொங்க. உயிரோடு இருக்கிறவன் எவன் சம்மதிப்பான்? ஒத்துக்கொண்டிருந்த நடிகருடைய வீட்டம்மா, சென்னையிலிருந்தே போனில் வந்து டைரக்டரை வறுத்தெடுத்துவிட்டார். யூனிட் சமையல்காரர்கூட மாட்டேன் என்றுவிட்டார். டைரக்டர், தாடி வைத்த சின்னப் பையன், பீரோவை இறக்கிக்கொண்டிருந்த ராஜமுருகனின் மூஞ்சியையே பார்த்தான்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. மாலை போட்டு ஒரு போட்டோ...”

“மாலையா? செத்தவனுக்குப் போடுற மாலையா?”

“ஆமா சார். வேண்டாம்னா...”

“போடுங்க” என்றார் ராஜமுருகன்.

அவர் இத்தனை வேகமாக எதற்கும் சரி என்று சொல்லி யாரும் பார்த்ததில்லை. எதற்காகச் சொன்னார் என்று டைரக்டருக்குத் தெரியாது. வாசலை மிதிக்க மகள் வைத்த ஒரே நிபந்தனை அந்த மாலைதான். நிஜமாகச் செத்து அதைப் போட்டுக்கொண்டால் அவள் வருவதை அவர் பார்க்க முடியாது. இது தோதாக அமைந்தது.

“சிரிக்காம இருங்க சார்” என்றார் போட்டோகிராபர்.

“சிரிப்பே எனக்கு வராதுங்க.”

வராது என்பது அப்புறம்தான் நிரூபணமானது. செத்தவராக நடிக்கிறவரை, தோஷம் கழிய, கடைசியில் ஒருதடவை சிரிக்க வைத்துப் படம் எடுப்பது சினிமாக்காரர்கள் வழக்கமாம். மேனேஜர் பூசணிக்காயும் கையுமாக நின்றுகொண்டு “சிரிங்கண்ணே, உங்க நல்லதுக்குத்தான்” என்று கெஞ்சினார். ராஜமுருகன் எவ்வளவோ முயன்றார். பல்வலிக்காரர் மாதிரி ஒன்று வந்தது. போதும் என்று விட்டுவிட்டார்கள்.

ஷூட்டிங் முடிகிறவரை ஒரு மூலையில் நின்று பார்த்தார். தன் படத்துக்குக் கீழே நின்று ஐந்து பேர் தன்னைத் திட்டுவதைப் பார்ப்பது புது அனுபவம். “அந்தாளு நம்மள ஒரு நாளாவது நிம்மதியா விட்டானா?” என்று மூத்தவன் சுவரைக் காட்டிக் கத்துவான். டைரக்டர் ‘ஒன் மோர்’ என்பான். மறுபடி கத்துவான். ராஜமுருகன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. கிளம்பும்போது படத்தை அவரிடமே கொடுத்துவிட்டார்கள், சந்தனச் சீவல் மாலையோடு. அதைக் கொண்டுவந்து கண்மணியின் ஆணியில் மாட்டினார். வெளுத்த சதுரம் சரியாக மறைந்தது.

படம் போனில் பார்க்கிற மாதிரி வெளிவந்தது. பஸ் நிறுத்தத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஹபீப்தான் அவருக்கு அதைப் போட்டுக்கொடுத்தான். ஹபீப், ஸ்வேதாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவன். அந்த உரிமையில் இவரை மாமா என்பான். வீரம்மாள் கடையில் எல்லோரும் ஹபீப்பின் பெரிய போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் இருபது நிமிடத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள்.

“ஏண்ணே, ஒரு ஆளாச்சும் நல்லவனா இருக்க வேணாமா?” என்றாள் வீரம்மாள். “எல்லாமே வெளங்காததுகளா இருக்கு. இதுக்கு நான் எங்க நாத்தனா வீட்டுக்கே போவேனே!”

“கடைசி வரைக்கும் பாருங்க. நான் கடைசியிலதான் தெரிவேன்.”

அதுதான் சிக்கல். படம் முழுக்க அவர் சுவரில் இருந்தார். ஆனால் மங்கலாக. மாலை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. கடைசியில் மூத்தவன் டம்ளரை ஓங்கும்போதுதான் கேமரா கிட்டே போய் அவருடைய மூஞ்சியை முழுசாகக் காட்டும். அதுவரை பார்க்கப் பொறுமையுள்ள ஒரு ஜீவன் ஊரில் இல்லை. ஹபீப்கூடத் தாண்டித் தாண்டித்தான் பார்த்தான்.

முழுசாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஒருதடவை அல்ல. வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் ஓடும். துணி துவைக்கும்போது ஓடும். வசனமெல்லாம் மனப்பாடம். “மூத்தவனே, டம்ளரக் கீழ வைடா. ஒடஞ்சா நீயா கூட்டப்போற?” என்பார். மகள் வளையலை எடுக்கும்போது “எடுத்துக்க, எடுத்துக்க, ஒங்காத்தா வளையல்தான்” என்பார். ஊரே வெறுத்த அந்த ஐந்து பேர்மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. இவ்வளவு அடித்துக்கொண்டும் ஒருத்தர்கூட வீட்டை விட்டுப் போகவில்லையே!

ஸ்வேதா பார்க்க வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். பார்த்தால் சிரிப்பாள். இல்லை, திட்டுவாள். திட்டுவதற்காவது வருவாள்.

“நீ அனுப்பி விடேன்டா ஹபீப்.”

“நான் அனுப்புனா என்னையும் பிளாக் பண்ணிரும் மாமா. அதெல்லாம் பக்குவமா செய்யணும். ஸ்டேட்டஸ் வைப்போம். அது எல்லாத்தையும் பாக்கும்.”

ஒரு சாயங்காலம் ஹபீப், மாலையோடு மூஞ்சி முழுசாகத் தெரிகிற அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, அதை அப்படியே எடுத்து வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்தான். அடுத்த ஸ்டேட்டஸாக ‘நம்ம ஊரு ஹீரோ ராஜமுருகன் மாமா நடித்த படம்’ என்று எழுதி, பக்கத்தில் நாலு பட்டாசுப் படமும் சேர்த்து அனுப்பினான். அந்த நேரம் பார்த்து மலையில் காற்று கிளம்பியது. மரம் விழுந்து கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் டவரும் போனது. முதலாவது போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டாவது ஹபீப்பின் போனிலேயே சுற்றிக்கொண்டு நின்றது.

மாலை போட்ட ஒரு போட்டோ, கீழே ஒரு வார்த்தையும் இல்லை. நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மறுநாள் மதியத்துக்கு மேல், பழனி பஸ்ஸிலிருந்து செல்வமுருகன் இறங்கினார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். ராஜமுருகனோடு எடை விஷயத்தில் முட்டிக்கொண்டு பேச்சை நிறுத்தியவர். கையில் வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலை. நேரே டீக்கடைக்கு வந்தார்.

“ஏம்மா, ராஜமுருகன் வீட்டுக்கு எப்படிப் போகணும்?”

“வீட்டுக்கு எதுக்கு?” என்றாள் வீரம்மாள், டீயை ஆற்றிக்கொண்டே. “இந்தா பெஞ்சுல உக்காந்து வடையப் பிச்சுக்கிட்டு இருக்காரு. என்ன சோலி?”

செல்வமுருகன் திரும்பினார். மாலை நழுவி, பிடித்துக்கொண்டார்.

“யோவ்! நீ சாகலையா?”

“ஏன், ஒங்கிட்ட கேட்டுட்டுத்தான் சாகணுமா?”

“வெளையாடாதய்யா. ஊரே ஆழ்ந்த இரங்கல் போட்டுருச்சு. நானும் போட்டேன். அழுகுற பொம்மை வேற மூணு போட்டேன். இங்க ஒருத்தன் போனும் போக மாட்டேங்குது, சரி, மொகத்தையாச்சும் பாப்போம்னு பஸ் ஏறி வந்தா... வடையா திங்குற?”

எதிர்க்கடையிலிருந்து ஹபீப் ஓடிவந்தான். விஷயம் புரிந்ததும் தலையில் கைவைத்துக்கொண்டான். “மாமா, அல்லா மேல சத்தியமா ரெண்டாவது ஸ்டேட்டஸ் ஏறல மாமா. பட்டாசெல்லாம் வச்சிருந்தேன்.”

“பட்டாசும் வச்சியா?” என்றார் செல்வமுருகன். “அது மட்டும் ஏறியிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்.” பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி, “மண்டியில எல்லாருமா உக்காந்து ஒன்னையப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை பேசணும்னு யோசிச்சோம்ய்யா. ரொம்ப நேரம் யோசிச்சோம்.”

“என்ன பேசுனீங்க?”

“‘லோடு நனையாமக் கொண்டாருவாரு’ன்னான் ஒருத்தன்.”

ராஜமுருகன் தலையாட்டினார். “அது நெசந்தான்.” வடையைக் கீழே வைத்தார். “ஸ்வேதாவுக்கு...?”

“காலையில மண்டிக்கே வந்துச்சு. நெசமான்னு கேட்டுச்சு. நாங்க வேற, நெசந்தான் தாயின்னுட்டோம். மாப்பிள்ள கோயம்புத்தூர்ல இருக்காராம்ல. தனியா கார் புடிச்சிருக்கு. நான் பஸ் ஏறுறப்பதான் வீட்டுக்குப் போயி என்னத்தையோ எடுத்துட்டு வாரேன்னுச்சு. பின்னாலதான் வந்துக்கிட்டிருக்கும்.”

“அழுதுச்சா?”

“அழுகல. ‘கூட யாரு இருந்தாங்க’ன்னு மட்டும் ரெண்டு தடவ கேட்டுச்சு. யாருக்குத் தெரியும்?”

ராஜமுருகன் ரோட்டைப் பார்த்தார். பழனிப் பக்கமிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இன்னும் ஒரு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும். மாலை விழுந்தாயிற்று. அவள் வருகிறாள். அவள் சொன்னபடியே வாசலை மிதிப்பாள்.

ஆனால் அந்த ரோட்டில் அப்படி ஒருதடவை ஏறிவந்தவர் அவர். கண்மணியை வேறு வண்டியில் கிடத்திவிட்டுப் பின்னாலேயே ஓட்டிவந்த அன்று, வளைவுகள் முடியவே இல்லை. ஒன்று முடிந்தால் இன்னொன்று. எந்த வளைவிலும் அழுவதற்கு இடம் இல்லை. கையை எடுத்தால் வண்டி பள்ளத்துக்குப் போய்விடும். ஸ்வேதாவுக்கு வேறு சின்ன வயசிலிருந்தே மலை ஏறினால் குமட்டும். கண்மணி எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வருவாள். இன்றைக்கு யார் வைப்பார்கள்?

எழுந்து வண்டியை நோக்கி நடந்தார்.

“எங்கய்யா போற? வரட்டும்யா. வந்து பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்” என்றார் செல்வமுருகன்.

“பாதி வழியிலயே சொல்லிர்றேன். அந்தப் புள்ள இதத் தூக்கிக்கிட்டு மேல வரைக்கும் வர வேணாம்.”

“அப்ப இந்த மாலைய என்ன பண்றது?”

“பிள்ளையாருக்குப் போடுறேன், குடுங்க” என்றாள் வீரம்மாள்.

“செத்தவனுக்கு வாங்குனதும்மா.”

“அதான் அவரு சாகலையே!”

பழனி ரோட்டில் அவர் இறங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. காற்று உடைத்துப்போட்ட கிளைகள் ஓரத்தில் கிடந்தன. ஓரிடத்தில் மேட்டுமண் சரிந்து ரோட்டில் பாதியை மூடியிருந்தது. ஒரு வண்டிதான் போகலாம். அவர் அதற்குள் நுழைந்து பாதி வந்தபோது, எதிரே பனிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் காரின் விளக்குகள் ஏறிவந்தன. அதற்குப் பின்னால் பஸ். பஸ்ஸுக்குப் பின்னால் இரண்டு லாரி.

பழைய வளைவு இல்லை இது. அது இன்னும் கீழே, சவரிக்காட்டுக்கு அந்தப் பக்கம். ஆனால் கார் டிரைவர் ஹாரனை அமுக்கினான். விடாமல் அமுக்கினான். ராஜமுருகனின் கை தன்னாலே சாவிக்குப் போனது.

போன கை நின்றது. பிறகு கியருக்கு இறங்கியது.

பின்கண்ணாடியில் வெறும் பனிதான். தலையை வெளியே நீட்டி, கழுத்தை முறுக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் எடுத்தார். பழக்கமில்லாத வேலை. ஒருதடவை சக்கரம் மண்ணில் ஏறியது. ஒருதடவை பின்பக்கம் பாறையில் இடித்தது. கார் டிரைவர் அதற்கும் ஹாரன் அடித்தான். சரிவு முடிந்து ஒதுங்க இடம் இருக்கும் திருப்பம்வரை பின்னாலேயே போய் ஓரமாக நிறுத்தினார். உடனே கையை வெளியே நீட்டி, நில் நில் என்று ஆட்டினார்.

மலையில் வழிவிட்டு ஒதுங்கியவன் கையை ஆட்டினால், போ என்றுதான் அர்த்தம். கார் டிரைவர் நன்றியாகக் கையைத் தூக்கிவிட்டு வேகத்தைக் கூட்டினான். பின்கதவுக் கண்ணாடியில் ஸ்வேதா தலையைச் சாய்த்திருந்தாள். கண் மூடியிருந்தது. மடியில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். ஒரு முழ தூரத்தில் கடந்து போனாள்.

“ஏ ஸ்வேதா!”

பஸ்ஸின் இரைச்சலில் அது கரைந்தது. பஸ் போய், லாரிகள் போய், அவர் வண்டியைத் திருப்பி ஏறுவதற்குள் கார் கண்ணுக்கு எட்டவில்லை.

வீட்டுக்குக் கீழே உள்ள வளைவுக்கு வந்தபோது பனியில் பொழுது மங்கிவிட்டது. கார் வாசலில் நின்றது. கரண்ட் இல்லை. கதவு திறந்திருந்தது, சாவி மீட்டர் பெட்டிக்கு மேலே இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். உள்ளே போன் வெளிச்சம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. முன்னறையில் நின்றது. சமையல்கட்டுக்குப் போனது. கொல்லைப்பக்கம் போய்த் திரும்பி வந்தது. மறுபடி முன்னறை. வெளிச்சம் கீழே தரையைத் தடவியது.

அவரைத் தேடுகிறாள். அவரை எங்கே கிடத்தியிருக்கிறார்கள் என்று தேடுகிறாள்.

கண்மணி போன பிறகு அந்த வீட்டில் அவரை யாரும் தேடியதில்லை. ராஜமுருகன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்று நடுங்க ஆரம்பித்ததும் ஹாரனில் கையை வைத்தார். நீளமாக, இரண்டு தடவை.

வெளிச்சம் அணைந்தது. போன் கீழே விழுந்திருக்க வேண்டும். அவர் ஏறிப்போய்க் காருக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி வாசலுக்கு வருவதற்குள் அது மறுபடி எரிந்து நேராக அவர் மூஞ்சியில் அடித்தது.

“யாரு?”

“நான்தான்.”

அவள் அப்படியே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே அவர் மாலையோடு முறைத்துக்கொண்டிருந்தார். சினிமா, ஸ்டேட்டஸ், காற்று, டவர் என்று அவர் வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தார்.

“உசுரோட இருக்குற மனுசன் எவனாச்சும் மாலை போட்டுக்குவானாப்பா?”

“நீதான் சொன்ன. போட்டாத்தான் வருவேன்னு.”

அவள் முகத்தை முந்தானையால் துடைத்தாள். எழுந்து, ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினாள். சந்தன மாலையை இரண்டாகப் பிய்த்து வாசலுக்கு வெளியே எறிந்தாள். அவர் காலடியில் விழுந்தது. பிறகு துண்டைப் பிரித்தாள். உள்ளே கண்மணி.

“ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சுக் கும்புடலாம்னு தூக்கிட்டு வந்தேன். என்னையச் சொல்லணும்.”

கண்மணியை ஆணியில் மாட்டி, கோணலைச் சரிசெய்தாள். வெளியே கார் டிரைவர் ஹாரன் அடித்தான்.

“இருந்துட்டுப் போயேன். உலை வைக்கிறேன்.”

“பனி எறங்குது. இருட்டுறதுக்குள்ள மலையெறங்கணும்ங்குறான்.” அவருடைய படத்தை அதே துண்டில் சுற்றினாள். “மாலை விழுந்த போட்டோ இங்க இருக்கக் கூடாது. நான் கொண்டு போறேன்.”

“எங்க மாட்டுவ?”

“மாட்ட மாட்டேன். பீரோவுக்குள்ள போடுவேன்.”

வாசற்படியைத் தாண்டும்போது அவர்மேல் படாமல் ஒதுங்கிப் போனாள். காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினாள்.

“ஒன் வண்டிதான் மறிச்சு நிக்குது. பின்னால எடு.”

எடுத்தார். வளைவுவரை எடுத்தார். அவள் கழுத்தை நீட்டி, அவர் எடுத்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். கார் திரும்பி அவர் பக்கத்தில் வந்து நின்றது.

“படம் பேரென்ன?”

“ஈரச்சுவர். யாரும் உக்காந்து பாக்க மாட்டேங்குறாங்க. ஒருத்தரும் நல்லவங்க இல்லையாம். நான் கடைசியிலதான் வரேன்.”

“தெரியும்” என்றாள் ஸ்வேதா. “நீ கடைசியிலதான் வருவ.”

கார் இறங்கியது. சிவப்பு விளக்கு இரண்டு வளைவுகளுக்குத் தெரிந்தது, பிறகு பனி.

கரண்ட் வந்தது. டவரும் வந்தது. போன் சட்டைப்பைக்குள் துள்ளித் துள்ளி அடங்கியது. யார் யாரோ அவருக்கே ஆழ்ந்த இரங்கல் அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஸ்வேதாவிடமிருந்து ஒன்றும் இல்லை. அரிசி களைந்து உலை வைத்தார். தட்டோடு வந்து, இத்தனை நாளாக உட்காராத பக்கம், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். வழக்கம்போல் கை போனைத் தேடியது, அந்த ஐந்து பேரைக் கூப்பிட்டுத் துணைக்கு வைத்துக்கொள்ள.

வேண்டாம் என்று கவிழ்த்து வைத்தார். கண்மணிக்குச் சத்தம் ஆகாது.